தரங்கம்பாடி மணலில் எழுதிய விரல்



"வேலை நாட்களில் ஜெபத்திற்கும் வேதவாசிப்பிற்கும் நேரம் ஏது, ஐயா?" என்று ஷிப்ட் முடிந்து வரும் உங்களில் பலர் கேட்பதுண்டு. கேட்கும்போதெல்லாம் என் நினைவு தரங்கம்பாடிக்குச் செல்கிறது.

1706 ஜூலை 9ஆம் நாள் அங்கே வந்திறங்கிய சீகன்பால்குவுக்கு வயது 24 கூட நிறையவில்லை. ஜெர்மனியில் இறையியல் பயின்றவர். ஆயினும் திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் தமிழெழுத்துப் பழகினார். (பட்டம் பெற்ற எனக்கு அந்தத் தாழ்மை இன்னும் கைகூடவில்லை.)

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிஷ் கோட்டைத் தலைவர் அவரைச் சிறையிலடைத்தார். ஏறத்தாழ நான்கு மாதம் கழித்து வெளிவந்தவர், பணியைத் தொடர்ந்து 1711இல் நிறைவேற்றினார். ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்துகளோ பெரியவை, காகிதம் போதவில்லை. எனவே சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தார்கள். 1715இல் முழுப் புதிய ஏற்பாடும் அச்சேறியது.

மணலிலும் சிறையிலும் உலோகம் உருக்கிய பட்டறையிலும் வளர்ந்த விசுவாசம் அது. ஓவர்லாக் தையலிலும் செக்கிங் மேசையிலும் நாள் முழுதும் நிற்கும் உங்களுக்கு அது அந்நியமானதாக இராது.

பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புத்தகம் வரை வந்திருந்தார். 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மீதியைச் சூல்ட்சே ஐயர் முடித்தார்.

ரூத்தில் நான்கே அதிகாரங்கள். இவ்வாரம் தேநீர் இடைவேளைகளில் வாசித்துப் பாருங்கள். அவள் கதிர் பொறுக்கியதும் ஒரு வேலை நாளில்தான்.