நோய்க்குறிப்பு இல்லாத பட்டியல்: உறுப்புக் கொடையாளர் தரவுக் கசிவும் வட சிலாங்கூர்த் தோட்ட நோயாளரும்

2018 ஜனவரியில் லோயட் இணையத்தளம் வெளிக்கொணர்ந்த உறுப்புக் கொடையாளர் தரவுக் கசிவைச் சிறு சேதமாக மதிப்பிடும் போக்கு நம் ஆய்வுகளில் வேரூன்றிவிட்டது. அப்பட்டியலில் நோய் விவரம் இல்லை, ஆகவே மருத்துவ இரகசியம் குலையவில்லை என்பது அப்போக்கின் வாதம். நோய் வெளியே தெரிந்து தலைகுனிவதுதான் நோயாளருக்கு வரக்கூடிய கேடு என்றால் இது பொருந்தும். பிறர் தம் பெயரில் மோசடி செய்வதும், தம் விவரத்தைக் காட்டித் தம்மையே ஏமாற்றுவதும் கேடுதான் என்றால் பொருந்தாது. கோலா சிலாங்கூர் முதல் உலு சிலாங்கூர் எல்லை வரையுள்ள தோட்டக் குடும்பங்களை மனத்தில் வைத்துப் பார்த்தால், நோய்க்குறிப்பு இல்லாத அந்தப் பட்டியலே அதிக ஆபத்தானது என்பது என் வாசிப்பு.

பட்டியலின் பத்திகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஏறத்தாழ 2,20,000 கொடையாளரின் பெயர், அடையாள அட்டை எண், இனம், குடியுரிமை, முகவரி, தொலைபேசி எண் ஆகியவை அதில் இருந்தன. பதிவுகள் 2016 ஆகஸ்ட் வரை நீண்டன. அடையாள எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம், சிலாங்கூருக்குப் பெரும்பாலும் 10. கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். வங்கிக் கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம். இந்த எண் களவு போயிற்று என்பதற்காக யாருக்கும் புது எண் கிடைப்பதில்லை. அன்று கசிந்தது இன்றும் செல்லும்.

இன்னும் முக்கியமானது, ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்காத நெருங்கிய உறவினர் பத்தி. ஒவ்வொரு கொடையாளருக்கும் ஓர் உறவினரின் விவரம் இணைக்கப்பட்டிருந்ததால் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்காகிறது. எண்ணிக்கையைவிட உறவு பெரிது. பால்வெட்டி ஓய்ந்த தாய்க்குத் தனிக் கைப்பேசி இல்லாவிட்டால், மகனின் எண்ணையோ மருமகளின் எண்ணையோ கிளினிக்கில் எழுதிக் கொடுப்பது தோட்டக் குடும்பங்களில் இயல்பு. ஆக, அப்பத்தி யார் யாரைச் சார்ந்திருக்கிறார், யார் பெயரைச் சொன்னால் யார் பதறுவார் என்பதை அந்நியனுக்குக் கற்றுக்கொடுக்கிறது. “உங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார்” என்று அழைப்பவன் அம்மாவின் முழுப்பெயரையும் அட்டை எண்ணையும் பிழையில்லாமல் சொன்னால், எத்தனை பேர் சந்தேகப்படுவார்கள்?

மைக்காட் அடையாள அட்டையும் கைரேகையும் இருக்கும்போது எண்ணை மட்டும் வைத்து என்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்கிறார்கள். கைரேகை வங்கி முகப்பில் காவல் நிற்கிறது. மோசடிக்காரன் அங்கே போவதில்லை. உரியவரையே பேசவைத்து ஓடிபி எண்ணை வாங்குகிறான், அல்லது கணக்கையே வாடகைக்குப் பிடித்து, மோசடிப் பணம் கைமாறும் ‘அக்காவுன் கெல்டாய்’ ஆக்குகிறான். இருப்பில் ஐம்பது வெள்ளி உள்ள கணக்கும் இதற்குப் போதும். ஏழையிடம் திருட என்ன இருக்கிறது என்ற மறுப்புக்கு இதற்குமேல் விடை தேவையில்லை.

சட்டத்தின் போக்கும் என் வாசிப்புக்கு வலுச் சேர்க்கிறது. தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் 2010 உடல்நல விவரத்தை உணர்திறன் மிக்க தரவாக வகுத்தது. நோய் வெளியே தெரிவதே கேடு என்னும் அவமானக் கோட்பாட்டின் வேர் அங்கே இருக்கலாம். 2024 திருத்தம் சேர்த்த 12பி பிரிவு, 2025 ஜூன் 1 முதல், கசிவை ஆணையருக்கும் பெருங்கேடு நேரக்கூடுமானால் உரியவருக்கும் அறிவிக்கச் சொல்கிறது. அதற்கான வழிகாட்டியில், பிற விவரங்களோடு சேர்ந்தால் அடையாள மோசடிக்கு வழிவிடக்கூடிய தரவு, நோய்த் தரவிலிருந்து வேறாக, தனக்கென ஒரு காரணமாகவே பெருங்கேட்டுக்குள் வருகிறது. கொடையாளர் பட்டியல் இதற்குள் அப்படியே அடங்கும்.

அடங்கியும் பயனில்லை. 3ஆம் பிரிவின்படி கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது. கொடையாளர் பதிவேடு சுகாதார அமைச்சின் கீழுள்ளது. வட சிலாங்கூரில் இது கூடுதலாக வலிக்கிறது. முன்பு தோட்ட ஆஸ்பத்திரியில் டிரசர் என்ற மருத்துவ உதவியாளரிடம் மருந்து வாங்கியவர்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் அரசாங்கக் கிளினிக்குகளுக்கும் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கும் போகிறார்கள். தனியார் கிளினிக் நோயாளருக்குச் சட்டம் தரும் அறிவிப்பு உரிமை அங்கே அவர்களுக்கு இல்லை.

அறிவிப்பு அனுப்பினாலும் எங்கே போகும்? பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊரின் பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் தோட்டத்தார் வீட்டுரிமைக்குப் பல்லாண்டு போராடினர். இத்தகைய தோட்டங்களிலிருந்து குடிபெயர்ந்தவர்களின் பழைய பதிவில் இடிந்த லய வீட்டின் முகவரிதான் இருக்கும். கடிதம் அங்கே போய்த் திரும்பும். மோசடிக்காரனோ மகனின் கைப்பேசிக்கு நேரே வருகிறான். கசிவுக்குப் பின் அறிவிப்பதையே பாதுகாப்பின் உச்சமாகக் கொள்ளும் ஆய்வுகள் இந்த ஏற்றத்தாழ்வைக் காணத் தவறுகின்றன.

மோசடி நடந்தபின் அழைக்க 2022 முதல் 997 என்ற எண் இருக்கிறது. பணம் நகர்ந்து சில மணி நேரத்துக்குள் அழைத்தால் பயன் தரலாம். அதற்கு முன்னால் செய்யக்கூடியது பதிவேட்டின் அமைப்பில் இருக்கிறது. 2021ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, 30 லட்சம் தடுப்பூசி பெற்றோரின் தரவு ஓர் உயர்நிலை நிர்வாகக் கணக்கின்வழிப் பதிவிறக்கப்பட்டதைச் சுட்டியது. பூட்டை உடைக்கத் தேவையே இருக்கவில்லை. ஒரு கணக்கு முழுப் பதிவையும் ஒரே கோப்பாக எடுக்க முடியாதபடி உறவினர் பத்தியைப் பிரித்து வைப்பதற்கும், அன்றாட அலுவலில் அடையாள எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டுவதற்கும், கசிந்தால் உறவினரையும் தமிழில் தொலைபேசிவழி எச்சரிப்பதற்கும் 3ஆம் பிரிவைத் திருத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அமைச்சின் ஒரு சுற்றறிக்கை போதும்.