ஸ்ட்ராங்மேன் போட்டிகளுக்கு ‘தேசிய’ அமைப்பு எது? பதிவுக்கும் அங்கீகாரத்துக்கும் உள்ள வேறுபாடு

லாரியைக் கயிற்றால் கட்டி இழுத்தல், இரு கைகளிலும் பெரும் எடையைச் சுமந்து விரைந்து நடத்தல், கான்கிரீட் உருண்டைகளைத் தூக்கி மேடைமீது வைத்தல் எனப் பார்வையாளர்களை வியப்பில் ஆழ்த்தும் ‘ஸ்ட்ராங்மேன்’ எனும் வலிமைப் போட்டிகள் இந்திய நகரங்களிலும் நடத்தப்படுகின்றன. வெற்றி பெறுவோருக்குத் ‘தேசிய சாம்பியன்’ என்ற பட்டமும் சான்றிதழும் வழங்கப்படுவது உண்டு. அந்தச் சான்றிதழுக்கு அரசு அலுவலகத்தில் என்ன மதிப்பு என்பது, அதை வழங்கிய அமைப்பு எது என்பதைப் பொறுத்தது.

தோற்றம்

வலிமையைச் சோதிக்கும் விளையாட்டுகள் இந்தியாவுக்குப் புதியவை அல்ல. தமிழகக் கிராமங்களின் இளவட்டக்கல்லும், பஞ்சாப் மாநிலம் கிலா ராய்ப்பூரின் ஊரக விளையாட்டு விழாவும் இதற்குச் சான்றுகள். ஆனால், இன்றைய ஸ்ட்ராங்மேன் போட்டி தொலைக்காட்சிக்காக உருவாக்கப்பட்டது. ‘உலகின் மிக வலிமையான மனிதர்’ என்ற முதல் போட்டி 1977-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் வளாகத்தில் நடைபெற்றது. அதில் பளுதூக்கும் வீரர் புரூஸ் வில்ஹெல்ம் வெற்றி பெற்றார். அதே போட்டியில், குளிர்சாதனப் பெட்டியை முதுகில் சுமந்து ஓடும் சுற்றில் ஆணழகன் பிராங்கோ கொலம்புவின் கால் மூட்டு கடுமையாகக் காயமடைந்தது. வீரரின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி முதல் ஆண்டிலேயே எழுந்துவிட்டது.

ஒலிம்பிக் விளையாட்டுகளில் சர்வதேசக் கூட்டமைப்பு, அதன்கீழ் நாட்டுக்கு ஒரு தேசியக் கூட்டமைப்பு, அதன்கீழ் மாநிலச் சங்கங்கள் என்ற அடுக்கு அமைப்பு உள்ளது. ஸ்ட்ராங்மேன் துறையில் போட்டியை நடத்தும் நிறுவனமே விதிகளை வகுக்கிறது. பட்டமும் அந்த நிறுவனத்துக்கே உரியது.

ஒரே ஆண்டில் இரு உலக சாம்பியன்கள்

இந்தக் குறையைப் போக்கும் நோக்கில் 1995-இல் சர்வதேச வலிமை வீரர்கள் கூட்டமைப்பு (ஐஎஃப்எஸ்ஏ) தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அது ‘உலகின் மிக வலிமையான மனிதர்’ போட்டியுடன் இணைந்து செயல்பட்டது. பின்னர் வீரர்களின் ஒப்பந்தம் தொடர்பாக இரு தரப்பினரும் பிரிந்தனர். கூட்டமைப்புடன் ஒப்பந்தம் செய்திருந்த வீரர்கள் பழைய போட்டியில் பங்கேற்க இயலாத நிலை உருவானது.

இதனால் 2005-இல் போலந்தின் மாரியுஸ் புட்சியானோவ்ஸ்கி ஒரு போட்டியிலும், லித்துவேனியாவின் ஜைட்ரூனாஸ் சவிக்காஸ் மற்றொரு போட்டியிலும் வென்று, இருவருமே உலக சாம்பியன் ஆனார்கள். சில ஆண்டுகளில் ஐஎஃப்எஸ்ஏ நிதி நெருக்கடியால் செயலிழந்தது. பழைய போட்டிக்குத் திரும்பிய சவிக்காஸ் 2009, 2010, 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றார். நிர்வாகப் பிளவின் விலையாக, தமது சிறந்த ஆண்டுகள் சிலவற்றில் அவர் அப்போட்டியில் பங்கேற்கவே இல்லை.

சாதனையை அங்கீகரிப்பது யார்?

2016-இல் பிரிட்டனின் எடி ஹால், லீட்ஸ் நகரில் பார்வையாளர்கள் முன்னிலையில் 500 கிலோ எடையை டெட்லிஃப்ட் முறையில் தூக்கினார். 2020 மே 2 அன்று, கரோனா கட்டுப்பாடுகள் நடப்பில் இருந்தபோது, ஐஸ்லாந்தின் ஹாஃப்தோர் பியோர்ன்சன் தமது உடற்பயிற்சிக் கூடத்திலேயே 501 கிலோ தூக்கினார். நடுவரும் தொலைக்காட்சி ஒளிபரப்பும் இருந்தபோதிலும், போட்டிக்கு வெளியே தூக்கியதைச் சாதனையாகக் கருத முடியாது என எடி ஹால் வாதிட்டார். இறுதித் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் கொண்ட பொது அமைப்பு எதுவும் இல்லாததால், விவாதம் ரசிகர்களிடையே நீடித்தது. 2025-இல் பியோர்ன்சன் போட்டி மேடையிலேயே 510 கிலோ தூக்கியபோதுதான் அந்த விவாதம் பொருளற்றதாயிற்று.

பளுதூக்குதலில் இத்தகைய குழப்பம் எழுவதில்லை. ஆடவர் தண்டின் எடை 20 கிலோ, மகளிர் தண்டின் எடை 15 கிலோ என உலகெங்கும் ஒரே அளவு பின்பற்றப்படுகிறது. மூன்று நடுவர்களின் முடிவும் ஊக்கமருந்துப் பரிசோதனையும் கட்டாயம். ஸ்ட்ராங்மேன் போட்டியிலோ மரக்கட்டையின் விட்டம், தண்டின் நீளம், அனுமதிக்கப்படும் கைப்பட்டை ஆகியவை போட்டிக்குப் போட்டி மாறுபடும்.

பொறுப்புக்கூறும் அமைப்பு

கூட்டமைப்பு இருந்துவிட்டால் மட்டும் தவறுகள் நிகழாமல் போவதில்லை. 1935-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பளுதூக்குதல் கூட்டமைப்பே இதற்கு எடுத்துக்காட்டு. 2009-இல் இந்திய வீரர், வீராங்கனைகள் ஆறு பேர் ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கியதால், சர்வதேசக் கூட்டமைப்பு 5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதைச் செலுத்திய பின்னரே 2010 தில்லி காமன்வெல்த் விளையாட்டில் இந்திய அணி பங்கேற்க முடிந்தது.

நாட்டுக்குத் தலைகுனிவை ஏற்படுத்திய நிகழ்வாயினும், பரிசோதிக்கவும் தண்டிக்கவும் மேலே ஓர் அமைப்பும், பதில் சொல்லக் கீழே ஓர் அமைப்பும் இருந்ததை அது காட்டியது. டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 202 கிலோ தூக்கி வென்ற வெள்ளிப் பதக்கத்தை உலகம் ஐயமின்றி ஏற்பதும் இதே கட்டமைப்பினால்தான்.

இந்தியச் சட்டம் கூறுவது

1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஆனால், பதிவுச் சான்றிதழ் என்பது அச்சங்கம் சட்டப்படி இருக்கிறது என்பதற்கு மட்டுமே ஆதாரம். அந்த விளையாட்டில் நாட்டின் சார்பில் பேசும் உரிமையை அது தருவதில்லை. அவ்வுரிமை மத்திய அரசின் அங்கீகாரத்தால் கிடைப்பது. 2011-ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு மேம்பாட்டு நெறிமுறை, ஒரு விளையாட்டுக்கு ஒரே கூட்டமைப்பு என்ற கொள்கையை வலியுறுத்தியது.

2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்ட தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், அங்கீகாரம் வழங்கத் தேசிய விளையாட்டு வாரியத்தையும், பூசல்களைத் தீர்க்கத் தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயத்தையும் அமைக்க வழிவகுக்கிறது. கூட்டமைப்பின் செயற்குழுவில் 15 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அவர்களில் குறைந்தது நால்வர் பெண்களாகவும், இருவர் சிறந்து விளங்கிய விளையாட்டு வீரர்களாகவும் இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. இந்திய அமைப்பு அங்கீகாரம் பெற, உரிய சர்வதேச அமைப்புடன் இணைந்திருப்பது இன்றியமையாதது. உலக அளவிலேயே ஒருமித்த அமைப்பு இல்லாத ஸ்ட்ராங்மேன் துறைக்கு இதுவே பெரும் தடை.

வேலைவாய்ப்பில் தாக்கம்

மத்திய அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கென நேரடி நியமன இடங்களில் 5 சதவீதம் வரை ஒதுக்கப்படுகிறது. இதற்கான விளையாட்டுகளின் பட்டியல் 2020-இல் 43-இலிருந்து 63 ஆக உயர்த்தப்பட்டபோது கயிறு இழுத்தல், மல்லர் கம்பம் உள்ளிட்டவை சேர்க்கப்பட்டன. பளுதூக்குதலும் வலுதூக்குதலும் முன்பே இடம்பெற்றிருந்தன. ஸ்ட்ராங்மேன் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. மேலும், பன்னாட்டுப் போட்டிக்கான சான்றிதழில் தேசியக் கூட்டமைப்பின் செயலரும், மாநிலங்களுக்கு இடையிலான போட்டிக்கான சான்றிதழில் தேசியக் கூட்டமைப்பின் செயலரோ மாநிலச் சங்கச் செயலரோ கையொப்பமிட வேண்டும் என்பது விதி.

வீரர்கள் கவனிக்க வேண்டியவை

நுழைவுக் கட்டணம் செலுத்தும் முன் சில கேள்விகளை எழுப்புவது பயன் தரும். ‘தேசிய’ என்று பெயர் கொண்ட அமைப்பு மத்திய அரசின் அங்கீகாரம் பெற்றதா, பதிவு மட்டுமே பெற்றதா? எந்தச் சர்வதேச அமைப்புடன் இணைந்துள்ளது? ஊக்கமருந்துப் பரிசோதனையை நடத்துவது யார்? களத்தில் மருத்துவரும் காயத்துக்கான காப்பீடும் உண்டா? முடிவை எதிர்த்து முறையிட இடம் உண்டா?

இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைக்காத போட்டியில் பங்கேற்கக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. விருப்பத்துக்காகப் பங்கேற்போர் மகிழ்ச்சியுடன் பங்கேற்கலாம். ஆனால், அரசு வேலையையோ உதவித்தொகையையோ மனத்தில் கொண்டு ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெறும் இளைஞர், தம் உழைப்பை எந்த மேடையில் பதிவு செய்கிறோம் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது அவசியம்.