பெயர்ந்த வழக்கும் குடியிருப்பும்: அல்கேரோ கட்டலான், மதராசி கேம்ப் தமிழ்

முன்னுரை

மொழி இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதைத் தமிழ் இலக்கண மரபு தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டுள்ளது. செய்யுட்குரிய சொற்களை நால்வகையாகப் பகுத்த தொல்காப்பியர், செந்தமிழ் சார்ந்த பன்னிரு நிலத்து வழக்கைத் திசைச்சொல் என்றார். இவ்வரையறையில் வழக்கு நிலத்தோடு பிணைந்தது. நிலத்தை விட்டுப் பெயர்ந்தோர் வழக்கு எதனைச் சார்ந்து நிற்கிறது என்பதே இங்கு ஆராயப்படும் வினா. இதற்கு ஐரோப்பியக் கட்டலான் மொழியின் கிளைவழக்கு ஒன்றும், தில்லியில் தமிழர் வாழ்ந்த மதராசி கேம்ப்பும் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

அல்கேரோவின் கட்டலான்

இத்தாலியின் சார்தீனியாத் தீவிலுள்ள அல்கேரோ நகரை அரகோன் மன்னர் நான்காம் பீட்டர் 1354ஆம் ஆண்டு கைப்பற்றினார். பின்னர் அங்குக் கட்டலான் பேசுவோர் குடியேற்றப்பட்டனர். தாய்நிலத்திலிருந்து கடலால் பிரிந்த அவ்வழக்கில் இரு போக்குகள் ஒருங்கே காணப்படுகின்றன. ஒன்று பழமை பேணல். ‘நான் பாடுகிறேன்’ என்னும் பொருளில் பார்சலோனா வழக்கு ‘கண்டு’ என ஈற்றில் உயிரொலி பெற, அல்கேரோ வழக்கு ஈறு பெறாத ‘கண்ட்’ என்னும் பழைய வடிவைக் காத்துள்ளது. மற்றொன்று புத்தாக்கம். உயிரிடை லகரம் ரகரமாகத் திரிந்து, ஊரைக் குறிக்கும் ‘வீலா’ என்னும் சொல் ‘வீரா’ என ஒலிக்கிறது.

1720இல் தீவு சவாய் அரசமரபின் கைக்கு மாறியபின் இத்தாலிய மொழி ஆட்சியிலும் பள்ளியிலும் படிப்படியாக இடம்பெற்றது. இருபதாம் நூற்றாண்டில் பெற்றோர் பிள்ளைகளிடம் இத்தாலியமே பேசத் தொடங்கினர். இத்தாலியின் 1999ஆம் ஆண்டுச் சட்டம் கட்டலானைச் சிறுபான்மை மொழியாக ஏற்றபோது இல்லங்களில் அதன் வழக்கு பெரிதும் தளர்ந்திருந்தது.

தமிழில் இவ்விரு போக்குகள்

யாழ்ப்பாணத் தமிழ் ‘உது’, ‘உவன்’ என்னும் உகரச் சுட்டைப் பேச்சில் போற்றுகிறது. தமிழகப் பேச்சுத்தமிழில் அது பொதுவாக வழக்கொழிந்தது. மாறாக, வடதமிழகப் பேச்சு புதுமை கண்டுள்ளது. தென்மாவட்டங்களில் ழகரம் ளகரமாகிப் ‘பளம்’ என வழங்க, வடக்கே அது யகரமாகிப் ‘பயம்’ என வழங்குகிறது. ‘வந்துகொண்டு’ என்பது ‘வந்துகினு’ ஆகிறது.

மதராசி கேம்ப்

தென்கிழக்குத் தில்லியின் ஜங்புராவில், பாராபுலா வடிகாலை ஒட்டி, ஏறத்தாழ 370 வீடுகளுடன் மதராசி கேம்ப் அமைந்திருந்தது. பல பத்தாண்டுகளாக அங்கு வாழ்ந்தோருள் விழுப்புரம், கள்ளக்குறிச்சி வட்டாரங்களிலிருந்து வந்தோர் மிகுதி. சென்னை மாநிலம் 1969 சனவரி 14 அன்று தமிழ்நாடு எனப் பெயர் பெற்ற பின்னரும் பழைய பெயரின் சுவடு இக்குடியிருப்பின் பெயரில் நின்றது.

இங்கு மூன்று மொழிநிலைகள் ஒருங்கே இயங்கின. வீட்டிலும் அண்டையிலும் வட்டார வழக்கு, வேலையிடத்தில் இந்தி, பிள்ளைகளுக்குத் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் எழுத்துத் தமிழ். 1923இல் மதராசி கல்விக் கழகம் எனத் தோன்றிய அவ்வமைப்பு ஏழு பள்ளிகளை நடத்துகிறது. ஒரே வட்டாரத்தார் அடுத்தடுத்து வாழ்ந்ததும், தமிழ்ப்பள்ளி எட்டும் தொலைவில் இருந்ததும் வழக்கு கைமாறுவதற்கு ஏற்ற சூழலை அளித்தன.

தில்லி உயர்நீதிமன்றத்தின் 2025 மே மாத ஆணையைத் தொடர்ந்து, சூன் 1 அன்று குடியிருப்பு இடிக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கே தில்லியின் வடகோடியிலுள்ள நரேலாவில் மாற்று வீடு கிடைத்தது, ஏனையோர் சிதறினர். பிள்ளைகளின் தமிழ்க்கல்வி தடைப்படும் என்பது அம்மக்கள் வெளிப்படையாக முன்வைத்த கவலைகளுள் ஒன்று.

முடிவுரை

அல்கேரோவில் ஊர் நிலைத்தது; வழக்கு இளையோரிடம் செல்வது தளர்ந்தது. மதராசி கேம்ப்பில் அது கைமாறுவதற்கு இடமளித்த குடியிருப்பே கலைந்தது. எனவே, பெயர்ந்த வழக்கின் வரலாற்றைத் தாய்நிலத்திலிருந்து அது விலகிய தொலைவைக் கொண்டு மட்டும் கணிப்பது போதாது. பேசுவோர் கூடி வாழும் இடமும், பிள்ளைகளுக்கு அது சென்றடையும் வழியும் ஒருங்கே கருதப்பட வேண்டும்.

ஊரிலிருந்து வந்த முதல் தலைமுறையினரின் பேச்சு, ஊரிலேயே மாறிவரும் வடிவங்களுக்கும் சான்றாக அமையக்கூடும். நரேலாவிலும் பிற இடங்களிலும் வாழும் அம்முதியோர் பேச்சை ஒலிப்பதிவு செய்து, அவர்தம் பிள்ளைகள், பெயரர் பேச்சோடு ஒப்பிடுவது தமிழ்த்துறைகள் காலந்தாழ்த்தாது மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.