அசையும் படமும் விஞ்ஞானக் கல்வியும்: கற்றல் இடர்ப்பாடுடைய மாணவர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞானம் கண்ணாற் கண்டும் கையாற் செய்தும் அறியப்பட வேண்டிய துறையாகும். எனினும் பாடசாலையில் அது பெரும்பாலும் அச்செழுத்தின் வாயிலாகவே மாணவனை அடைகின்றது. இதனால் வாசிப்பில் இடர்ப்படுபவனுக்கு விஞ்ஞானத்தின் கதவும் அடைபட்டுவிடுகின்றது. அக்கதவை அசையும் படத்தின் துணையாற் திறக்க முனைந்த முயற்சிகளின் வரலாறு ஆழ்ந்து நோக்கத்தக்கது.

1896 இல் ஆங்கில மருத்துவர் பிறிங்கிள் மோர்கன், பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவன் கூர்மதியுடையவன், ஆயினும் எளிய சொற்களைத்தானும் வாசிக்க இயலாதவன். போதனை முழுவதும் வாய்மொழியாக அமைந்திருப்பின் பாடசாலையில் அவனே முதன்மை பெற்றிருப்பான் என அவனுடைய ஆசிரியர் கருதினார். குறை அவனது அறிவில் அன்று, அறிவு அவனிடம் கொண்டுசெல்லப்பட்ட வழியிலேயே இருந்தது. எனினும் இத்தகையோர் நெடுங்காலம் மந்த புத்தியினர் என்றே ஒதுக்கப்பட்டனர். 1963 இல் சாமுவேல் கேர்க் சிக்காகோவில் பெற்றோர் கூட்டமொன்றில் 'கற்றல் இடர்ப்பாடு' என்னும் பெயரை முன்வைத்தார். 1975 இல் இயற்றப்பட்ட ஐக்கிய அமெரிக்கச் சட்டம் இவர்களது கல்வியுரிமையை உறுதிசெய்தது.

திரைப்படத்தின் வரலாறோ வேறு வழியில் வளர்ந்தது. பாடசாலைகளில் நூல்கள் விரைவில் வழக்கொழிந்து, கண்வழிக் கல்வியே நிலைபெறும் என 1913 இல் தோமஸ் எடிசன் கூறினார். அவ்வாறு நிகழவில்லை. இருண்ட அறையில் படம் தன்பாட்டில் ஓடியது, ஆசிரியர் வாளாவிருந்தார், ஒரு கருத்தைத் தவறவிட்ட மாணவன் அதனை மீளப் பெற வழியில்லை. 1956 இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஜெரோல்ட் சக்கரையாஸ் தலைமையில் தோன்றிய பௌதிக விஞ்ஞானக் கற்கைக் குழு சிறந்த படங்களை ஆக்கியது. ஆயினும் அவை திறமைமிக்க மாணவருக்கே பெரிதும் பயன்பட்டன.

மாற்றம் ஒரு சிறிய கருவியிலிருந்து தொடங்கிற்று. 1960களில் வகுப்பறைக்கு வந்த 8 மில்லிமீற்றர் சுழற்படங்கள் ஏறத்தாழ நான்கு நிமிடங்களே ஓடின. அவற்றுட் பெரும்பாலானவை ஒலியற்றவை. ஒரேயொரு தோற்றப்பாட்டை மீண்டும் மீண்டும் காட்டின. படம் பேசாதிருந்தமையால் ஆசிரியர் பேச வேண்டியவரானார். 1970களில் வந்த வீடியோ நாடா, வேண்டிய இடத்தில் நிறுத்தவும் பின்னோக்கிச் செல்லவும் இடமளித்தது.

இவ்வியல்பை 1980களில் ஒறிகனைச் சேர்ந்த ஏங்கெல்மன், கார்னைன் ஆகியோரும் யூற்றாவைச் சேர்ந்த ஹொஃப்மைஸ்ரரும் முறையாகப் பயன்படுத்தினர். புவி விஞ்ஞானம், இரசாயனவியல் ஆகியவற்றுக்கென ஒளித்தட்டுப் பாடங்கள் ஆக்கப்பட்டன. புவி விஞ்ஞானப் பாடம் தனித்தனித் தகவல்களைக் குவிக்காது, மேற்காவுகை என்னும் ஒரு கருத்தை மையமாகக் கொண்டது. சூடேறியது மேலெழும், குளிர்ந்தது கீழிறங்கும் என்பதை விளங்கிக்கொண்ட மாணவன், வளிமண்டலம், சமுத்திரம், புவியின் மென்மூடி ஆகிய மூன்றின் அசைவுகளையும் அதனைக்கொண்டே விளக்கலாம். சிறு விளக்கத்தை அடுத்து வினா எழும், படம் நிற்கும், ஆசிரியர் மாணவரிடையே சென்று விடைகளை நோக்குவார். பலர் தவறியிருப்பின் அப்பகுதி மீளக் காட்டப்படும்.

பிற்கால ஆய்வும் இதற்குச் சான்று பகர்கின்றது. மின்னல் உண்டாகும் விதத்தைக் காட்டும் அசைவுப்படத்தை மேயர், சான்ட்லர் என்போர் 16 கூறுகளாகப் பகுத்தனர். தம் விருப்பப்படி ஒவ்வொரு கூறாக முன்னேறியோர், தொடர்ச்சியாகப் பார்த்தோரிலும் பார்க்கத் தாம் கற்றதைப் புதிய வினாக்களுக்குச் சிறப்பாகப் பிரயோகித்தனர் என்பது 2001 இல் வெளியான அவர்களது முடிவாகும். அதிற் பங்குபற்றியோர் கல்லூரி மாணவர். அவர்களுக்கே நிறுத்தம் துணைபுரியுமாயின், வாசிப்பிலும் நினைவிலும் இடர்ப்படும் சிறாருக்கு அது எத்துணை இன்றியமையாதது என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. பின்தங்கிய மாணவனுக்குப் பயனளித்தது படத்தின் ஓட்டம் மட்டுமன்று. அது நின்ற இடமும் அங்கு எழுந்த வினாவுமே. இன்று வீடியோக்கள் கைபேசியிலேயே எண்ணற்றுக் கிடைக்கின்றன. எனினும் நிறுத்திக் கேட்கும் ஆசிரியர் இல்லாதவிடத்து, எடிசன் காலத்து இருண்ட அறையே புது வடிவில் மீளும். விஞ்ஞானம் வாசிக்க வல்லாரின் தனியுடைமை அன்று என்னும் கொள்கை, கருவியினால் மாத்திரம் நிறைவேறக்கூடியதன்று.