சர்க்கரையை எண்ணும் கம்பி

நம் கெமிஸ்ட்ரி லேபில் பிளாட்டினம் மின்முனையை பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள். பிராக்டிகல் பரீட்சைக்குத்தான் தரிசனம்! அந்தக் கம்பிதான் பிற்பாடு எனக்குச் சோறு போடப்போகிறது என்று அன்று யார் கண்டார்கள்? இன்று நான் பார்ப்பது ரத்தப் பரிசோதனைக் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. அவை பிறந்த கதை சுவையானது.

அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க் என்பவர் ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்றும் சாதனம் ஒன்றைச் செய்தார். கட்டுரை திரும்பி வந்துவிட்டது. ஏறிய ஆக்ஸிஜனை அளந்து காட்டவில்லையாம்! மனிதர் அளக்கவே கிளம்பிவிட்டார். பிளாட்டினத்தை நேரே ரத்தத்தில் வைத்தால் புரதம் படிந்து கெட்டுப்போகும். அதனால் இரண்டு மின்முனைகளையும் ஒரே பாலிதீன் சவ்வுக்குப் பின்னால் வைத்தார். ஆக்ஸிஜன் நுழையும், புரதம் நுழையாது. 1956-இல் இது பிரசுரமானது.

1962-இல் கிளார்க்கும் லயன்ஸும் அதன்மேல் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற என்சைமைச் சேர்த்தார்கள். குளுக்கோஸோடு வினைபுரியும்போது அது ஆக்ஸிஜனைத் தின்னும். ஆக்ஸிஜன் குறைந்த அளவை வைத்து சர்க்கரையைக் கணக்கிடலாம். ஆனால் ரத்தத்தில் ஏற்கெனவே உள்ள ஆக்ஸிஜன் ஏறி இறங்கினால் கணக்கு உதைக்கும். பிறகு, வினையில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையே அளந்தார்கள். பிளாட்டினத்துக்குச் சுமார் 0.7 வோல்ட் கொடுத்தால், ஒவ்வொரு பெராக்ஸைடு மூலக்கூறும் இரண்டு எலெக்ட்ரான்களைத் தரும். அந்தக் கரண்ட்தான் சர்க்கரையின் அளவு. வைட்டமின் சி, பாராசிட்டமால் போன்றவையும் அங்கே எலெக்ட்ரான் தரும் என்பதால், அவற்றைத் தடுக்க உள்ளே இன்னொரு சவ்வு. 1975-இல் ஒஹையோவின் யெல்லோ ஸ்பிரிங்ஸ் கம்பெனி இம்முறையில் கருவி விற்றது. லாக்டேட் ஆக்ஸிடேஸை வைத்தால் அதே கம்பி லாக்டேட்டை அளக்கும். 1987-இல் ஃபெரோசீன் சேர்மத்தால் ஆக்ஸிஜன் வேலையைச் செய்யவைத்து, பேனா சைஸ் மீட்டரே வந்தாச்சு.

வேலையில் சேர்ந்த புதிதில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ரத்தம், காலையில் ஒரு ரீடிங், மதியம் இன்னொன்று. குளுக்கோஸ் இறங்கியிருக்கிறது, லாக்டேட் ஏறியிருக்கிறது. சவ்வை மாற்றினேன், பஃபரை மாற்றினேன், கருவியையே திட்டினேன். கடைசியில் சீனியர் டெக்னீஷியன் அம்மா டியூபைத் தூக்கிப் பார்த்து, "இதை ஏன் தம்பி வெளியிலேயே வச்சிருக்கீங்க?" என்றார். டியூபுக்குள் சிவப்பணுக்கள் உயிரோடு குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டாக்கிக்கொண்டே இருந்திருக்கின்றன. கம்பி சொன்னது இரண்டு தடவையும் நிஜம்தான்! அந்த மதிய ரீடிங்கை நம்பி யாராவது ஒரு நோயாளிக்கு மருந்தைக் கூட்டிக் குறைத்திருந்தால்? அன்றிலிருந்து ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடி டியூபா என்று பார்க்காமல் எந்த சாம்பிளையும் தொடுவதில்லை.