டிகாக்ஷன் என்றொரு சொல்

டிகாக்ஷன் எனும் ஆங்கிலச் சொல் மருந்துக்கூடத்துக்கு உரியது. வேரையோ பட்டையையோ நீரிலிட்டுக் கொதிக்கவைத்துச் சாரத்தை எடுப்பதையே அது குறிக்கும். நம் மருத்துவ மரபு இதனைக் கஷாயம் என்றும் குடிநீர் என்றும் வழங்கிவந்திருக்கிறது. ஆனால் தமிழ் வீடுகளில் இச்சொல்லுக்கு உரிய பொருள் கொதிப்பதே இல்லை. ஃபில்டரின் மேற்பாத்திரத்தில் இட்ட பொடியின் மீது வெந்நீரை ஊற்றினால் அது துளித்துளியாகக் கீழ்ப்பாத்திரத்தில் சேர்கிறது. அதைச் சுடவைக்கும்போது கொதித்துவிட்டால் 'காப்பி கெட்டது' என்று கொட்டிவிடுகிற வீடுகளும் உண்டு. கொதிக்கக் கூடாத ஒன்றுக்குக் கொதித்தது என்று பொருள்படும் பெயர் எவ்வாறு வந்தது?

நமக்குத் தோன்றும் விடை எளியது. பாத்திரம் மாறிய பிறகும் சொல் மாறவில்லை. ஃபில்டர் பரவுமுன் காப்பி உண்மையிலேயே கஷாயமாகத்தான் இருந்தது. கொதிக்கும் நீரில் பொடியைப் போட்டு, பொங்கியதும் இறக்கி, அடியில் படியவிட்டுத் துணியில் வடிகட்டுவார்கள். தென்மாவட்டங்களில் கருப்பட்டிக் காப்பி போடுகிறவர்கள் இன்றும் இம்முறையைக் கைவிடவில்லை. கருப்பட்டியும் பொடியும் ஒன்றாகக் கொதித்தால்தான் அதற்கு அந்த மணம். இதைவிடச் சுவையான சான்று சுக்குக் காப்பி. அதில் காப்பிக்கொட்டை இருந்தாக வேண்டிய கட்டாயமே இல்லை. சுக்கு, மல்லி, கருப்பட்டி மட்டும் கொதித்தாலும் அதன் பெயர் காப்பிதான். கஷாயத்தின் வடிவில் வீட்டுக்குள் நுழைந்த புதிய பானம், தன் பெயரைப் பழைய கஷாயத்துக்கே கொடுத்துவிட்டது! அகராதி தொகுப்போர் இதனைக் கவனிக்க வேண்டும்.

வீட்டுக் காப்பியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதனை நெடுங்கால மரபாகவே பேசுகிறார்கள். மெக்காவிலிருந்து திரும்பிய பாபா புதன் ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்ற பதினேழாம் நூற்றாண்டுக் கதையைச் சொல்லி, அங்கிருந்து நேராகத் தஞ்சாவூர்க் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். இடையில் இருநூறு ஆண்டுகள் காணாமற்போகின்றன. பெருந்தோட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் விரிந்தன, அவையும் ஏற்றுமதிக்காகவே. தமிழ் நடுத்தர வர்க்கத்தின் வீட்டுக்குள் காப்பி வந்தது அந்நூற்றாண்டின் இறுதியில். ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் வெளியிட்ட தம் கட்டுரைத் தொகுப்புக்கு 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று தலைப்பிட்டது வெறும் சுவைக்காக அன்று. நீராகாரமும் பழைய சோறும் இருந்த காலை வேளையைக் காப்பி பிடித்துக்கொண்டபோது எழுந்த புலம்பல்கள் கொஞ்சநஞ்சம் அல்ல. உடலைக் கெடுக்கும், செலவை இழுக்கும், அந்நியப் பழக்கம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இதழ்களிலும் மேடைகளிலும் ஏசினார்கள். காந்தியும் 1942இல் சிறையிலிருந்து எழுதிய உடல்நலம் பற்றிய சிறு நூலில் தேநீர், காப்பி, கோகோ மூன்றும் உடலுக்கு வேண்டாதவை என்றே கூறினார். ஏசப்பட்ட பொருள் இரண்டு தலைமுறைக்குள் நம் பண்பாட்டின் அடையாளமாகிவிட்டது. வரலாற்று மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஃபில்டரும் நம்முடைய கண்டுபிடிப்பு அன்று. 1800ஐ ஒட்டிப் பாரிசில் வழக்குக்கு வந்த, பேராயர் தெ பெல்வாவின் பெயரால் அறியப்படும் இரட்டைப் பாத்திரத்தை நினைவுகூர்ந்தால் உறவுமுறை விளங்கும்: துளையிட்ட மேற்பாத்திரம், பொருந்தி அமரும் கீழ்ப்பாத்திரம், இடையில் நிலத்தின் ஈர்ப்பைத் தவிர வேறு விசை இல்லை. சிக்கரியின் கதையும் ஐரோப்பியக் கதைதான். 1806இல் நெப்போலியன் விதித்த வணிகத் தடையால் காப்பி அரிதானபோது, சிக்கரிக் கிழங்கை வறுத்துப் பொடித்துக் கலக்கும் வழக்கம் பிரான்சில் பெருகிற்று. பஞ்சத்துக்குக் கண்ட மாற்று, இங்கே சுவைக்குரிய சேர்மானமாக நிலைபெற்றது. சிக்கரிக்குக் காப்பியைவிட நீரில் கரையும் பகுதி மிகுதி. ஆகவே டிகாக்ஷன் கறுத்துத் திடமாகிறது, பால் விட்டாலும் நிறம் குன்றுவதில்லை. குறைந்த பொடியில் நிறைந்த கறுப்பு என்பது நடுத்தர வர்க்கத்தின் கணக்குக்கும் ஒத்துவந்தது. பாதிக்கு மேல் காப்பி இருக்க வேண்டும், அதாவது 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று நம் உணவுச் சட்டம் வரையறுத்திருப்பதிலிருந்தே வணிகர்களின் கை எவ்வளவு தாராளமாக நீளக்கூடியது என்பதை ஊகிக்கலாம்.

'கும்பகோணம் டிகிரிக் காப்பி' பற்றி ஒரு சொல். சிக்கரி என்பதே 'டிகிரி' எனத் திரிந்தது என்பாரும், முதல் டிகாக்ஷனே முதல் டிகிரி என்பாரும் உளர். நாம் இவற்றை ஏற்பதற்கில்லை. சிக்கரி தமிழ் நாவில் திரியாமல் சிக்கரியாகவே நிற்கிறது. பால்மானியில் அளந்து தண்ணீர் கலவாதது என்று கண்ட பாலை 'டிகிரிப் பால்' என்றழைத்தார்கள் என்னும் விளக்கமே பொருந்துகிறது. பெருமை ஊருக்கும் பொடிக்கும் போயிற்று, உரியது பாலுக்கு.

வீட்டு ஃபில்டருக்குப் பின்னால் இருந்த உழைப்பைப் பற்றி மரபு பேசுவோர் அதிகம் பேசுவதில்லை. பச்சைக் கொட்டையை வாங்கி, கல் பொறுக்கி, இரும்பு வாணலியில் கருகாமல் வறுத்து, மேசை விளிம்பில் திருகிப் பொருத்திய கை இயந்திரத்தில் அரைத்தாக வேண்டும். பொடி மிக நைசாகிவிட்டால் நீர் இறங்காது. கொரகொரப்பாக இருந்தால் வெறும் வெந்நீராக ஓடிவிடும். அடைத்துக்கொண்ட ஃபில்டரைத் தட்டுவதும், மேற்பாத்திரத்தின் அடியை ஒரு நொடி தணலில் காட்டுவதும் அடுக்களைக்கு மட்டும் தெரிந்த வித்தைகள். விடியற்காலை நான்கரைக்கு எழுந்து இத்தனையும் செய்தவர்கள் பெண்கள். முதலில் இறங்கிய கெட்டியான டிகாக்ஷன் வீட்டு ஆண்களுக்கும் விருந்தினருக்கும். அதே பொடியில் மறுபடி வெந்நீர் விட்டு எடுத்த இரண்டாவது டிகாக்ஷன் பெண்களுக்கும் வேலையாட்களுக்கும். 'இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும்' என்று சொல்லும் மூதாட்டிகளை நாம் அறிவோம். அது நாவின் விருப்பமா, அறுபதாண்டுப் பழக்கம் விருப்பமாக மாறியதா என்று கேட்கத் துணிவு வந்ததில்லை.

டவராவும் டம்ளரும் இன்னொன்றையும் சொல்கின்றன. டம்ளரின் மேல்விளிம்பு வெளிப்புறம் மடிந்திருப்பதால் சூடு தாக்காமல் பிடிக்கலாம். அகன்ற டவராவில் ஆற்றினால் விரைவில் ஆறும், நுரையும் எழும். அதே விளிம்புதான் உதடு படாமல் அண்ணாந்து குடிக்கவும் உதவியது. எச்சில் பற்றிய அச்சமும் பாத்திரத்தின் வடிவமும் ஒத்துப்போயின. சிலருக்கு அந்த டம்ளரே கிடைக்கவில்லை. கொல்லைப்புறத்தில் நின்றவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றினார்கள். அல்லது எரவாணத்தில் செருகிவைத்த தனிக் குவளையில். வீட்டு வழக்கம் தெருவுக்கு வந்தபோது அதற்கு இரட்டைக் குவளை முறை என்று பெயர் உண்டாயிற்று. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இலேயே வந்துவிட்டது. அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் தமிழகத்துத் தேநீர்க் கடைகளில் தனிக்குவளை இருந்ததைக் கள ஆய்வுகளும் போராட்டங்களும் வெளிக்கொணர்ந்தன. ஃபில்டர் காப்பியின் மணத்தைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களோடு ஒப்பிட்டால் இதைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில.

தேநீர் வேறு வழியில் வந்தது. காப்பியை விரும்பித் தேடிக்கொண்டோம் என்றால், தேநீர் நம்மிடம் கொண்டுவந்து விற்கப்பட்டது. 1903இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஏற்றுமதித் தேயிலைமீது வரி தண்டி, அப்பணத்தில் விளம்பரம் செய்தார்கள். உலகப் பொருளாதார மந்தத்தால் விலை வீழ்ந்து, 1933இல் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டும் பன்னாட்டு ஒப்பந்தம் வந்தபின், தேங்கிய தேயிலைக்கு உள்நாட்டு வாய்கள் தேவைப்பட்டன. ஊர் ஊராகச் சென்று இலவசமாகத் தேநீர் ஊற்றினார்கள், செய்முறையையும் கற்பித்தார்கள். புதிதாகக் கொதித்த நீர், முன்பே சூடாக்கிய கெண்டி, அளந்த கரண்டி இலை, ஐந்து நிமிடம் மூடிவைத்தல், பாலும் சர்க்கரையும் தனியே. இலையைக் கொதிக்கவிடலாகாது என்பது அவர்களுடைய முதல் விதி.

நம்மவர்கள் அந்த முதல் விதியையே மீறினார்கள். தூளையும் பாலையும் சர்க்கரையையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட்டார்கள். இஞ்சியையும் ஏலத்தையும் தட்டிப் போட்டார்கள். மறுபடியும் கஷாயம்! காப்பியில் கைவிட்ட முறையைத் தேநீரில் மீட்டுக்கொண்டதாகவே நாம் இதனைப் பார்க்கிறோம். நம் வினைச்சொற்களில்கூட இவ்வேறுபாடு பதிந்திருக்கிறது. 'காப்பி கலக்கட்டுமா?' என்று கேட்கும் வாய், 'டீ கலக்கட்டுமா?' என்று எளிதில் கேட்பதில்லை, டீயைப் போடுவார்கள். தனித்தனியே இருக்கும் டிகாக்ஷனையும் பாலையும்தான் கலக்க முடியும். ஒன்றாக வெந்ததில் கலக்க என்ன இருக்கிறது?

1930களின் தொடக்கத்தில் அசாமில் மெக்கர்ச்சர் என்பார் உருவாக்கிய சி.டி.சி. இயந்திரம் இப்பழக்கத்துக்குத் துணைநின்றது. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குறுமணியாக்கினால் சில நிமிடங்களில் சாயம் முழுவதும் இறங்கிவிடும். பாலின் கனத்துக்கு அது ஈடுகொடுக்கும். ஒரு கிலோவில் கூடுதல் குவளைகள் தேறும். விடுதலைக்குப் பின் இவ்வகைத் தேயிலை பரவியபோது ஏழைவீடுகளிலும் தேநீர் நாள்தோறும் சாத்தியமாயிற்று.

பெயர் சூட்டும் முயற்சியிலும் தேநீரே வென்றது. தனித்தமிழ் ஆர்வலர் காப்பிக்குக் குளம்பி என்றும் கொட்டைவடிநீர் என்றும் பெயர் தந்தனர். மேடை கடந்து அவை அடுக்களைக்குள் வரவில்லை. தேயிலை, தேநீர் என்பவையோ எழுத்துத் தமிழில் இயல்பாகிவிட்டன. அவற்றின் 'தே' தென்சீனக் கடற்கரை வழக்கிலிருந்து உலகம் சுற்றிய ஒலி என்பதை நினைத்தால் தூய்மையின் எல்லை எங்கே என்று வியப்பு எழும்.

இவ்விரு பானங்களும் தமிழர் வாழ்வில் சந்தித்த இடம் வீடு அன்று, இலங்கை மலையகம். நம் மக்கள் மன்னார் வழியாகக் காடுகளில் நடந்து, வழிநெடுக மடிந்து, முதலில் போனது தேயிலைக்காக அல்ல, காப்பித் தோட்டங்களுக்காக. 1869இல் அங்குக் காணப்பட்ட இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் காப்பியை அழித்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். செடி மாறியது, கூடை சுமந்த முதுகுகள் மாறவில்லை. பறித்த கொழுந்தில் உயர்ந்தது கப்பலேறியது, அடித்தட்டுத் தூள் லயத்துக்கு வந்தது. அங்கே பால் வாங்க வழியில்லாத வீடுகளில் தேத்தண்ணி என்பது பெரும்பாலும் சாயத்தண்ணியே. சீனியையும் அதில் கரைத்துவிடுவதில்லை. உள்ளங்கையில் சிறிது வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்பார்கள். கரைத்தால் இரண்டு கரண்டி வேண்டும். கையில் வைத்தால் அரைக் கரண்டியில் கோப்பை முழுவதும் இனிக்கும்.