'உங்க பேரு லிஸ்ட்ல இருக்கு...' போலீஸ் பெயரில் மிரட்டல் போன்: பணம் கொடுத்தா பேரை எடுக்க முடியுமா?

"சார், ஸ்டேஷன்ல இருந்து பேசுறோம். சின்னப் பசங்க ஆபாசப் படம் பார்த்தவங்க லிஸ்ட்ல உங்க நம்பர் இருக்கு. எஃப்.ஐ.ஆர் போடுறதுக்கு முன்னாடி முடிச்சுக்கலாமா?"

போலீஸ் போல நடித்து ஏமாற்றும் கும்பல்கள் கையில் எடுக்கும் மிரட்டல்களில் இதுவும் ஒன்று. பார்சலில் போதைப்பொருள் என்று சொன்னால், பயந்தவர் வீட்டில் யாரிடமாவது சொல்லிவிடுவார். இந்தக் குற்றச்சாட்டை மனைவியிடமோ, அப்பாவிடமோ சொல்ல வாய் வராது. தப்பே செய்யாதவர்கள்கூட மானத்துக்குப் பயந்து பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். அந்த வெட்கம்தான் கும்பலின் மூலதனம்.

லிஸ்ட் என்று ஒன்று நிஜமாவே இருக்கா?

இருக்கிறது. பாலியல் குற்றவாளிகளுக்கான தேசிய தரவுத்தளத்தை மத்திய உள்துறை அமைச்சகம் 2018 செப்டம்பர் 20-ல் தொடங்கியது. பராமரிப்பது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். தொடங்கும்போதே அதில் சுமார் 4.4 லட்சம் பதிவுகள் இருந்தன.

ஆனால் இதைப் பார்க்கும் அனுமதி போலீஸ் போன்ற சட்ட அமலாக்க அமைப்புகளுக்கு மட்டும்தான். பொதுமக்கள் யாரும் திறந்து பார்க்க முடியாது. காசு வாங்கிக்கொண்டு பெயரை நீக்கும் வழியும் கிடையாது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பாலியல் குற்றவாளிகளின் பெயர், போட்டோ, முகவரி பொது இணையதளத்திலேயே இருக்கும். மோசடிக்காரர்கள் அதைப் பார்த்து போன் செய்து, "பதிவைப் புதுப்பிக்கவில்லை, வாரன்ட் வந்திருக்கு" என்று மிரட்டி, கிஃப்ட் கார்டாகப் பணம் பறிக்கிறார்கள். நம்ம ஊரில் அப்படிப் பொதுப் பட்டியல் இல்லாததால், போன் செய்பவர் கண்ணை மூடிக்கொண்டுதான் கல்லெறிகிறார். உங்கள் பெயரும் முகவரியும் அவருக்குத் தெரிந்திருப்பதாலேயே அவர் போலீஸ் ஆகிவிட மாட்டார்.

அப்புறம் ஏன் நம்புறாங்க?

மிரட்டலில் கொஞ்சம் உண்மையும் கலந்திருப்பதுதான் காரணம். சிறார் ஆபாசப் படங்கள் இணையத்தில் பகிரப்படுவது பற்றிய தகவல்களைப் பெற, அமெரிக்காவில் உள்ள ஒரு மையத்துடன் இந்தியா 2019-ல் ஒப்பந்தம் செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில், இப்படிப் படங்களைப் பகிர்ந்ததாக திருச்சியில் ஒருவர் கைதானார். 'போலீஸ் லிஸ்ட்' என்ற பேச்சு அப்போது தமிழ்நாடு முழுக்கப் பரவியது.

சிறார் ஆபாசப் படத்தை டவுன்லோடு செய்து வைத்திருப்பதும் போக்சோ சட்டத்தின் 15-வது பிரிவில் குற்றமாகலாம் என்று, சென்னை இளைஞர் ஒருவர் மீதான வழக்கில் 2024 செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, சட்டம் கடுமையானதுதான். ஆனால் அது நடக்கும் விதம் வேறு.

உண்மையான போலீஸ் எப்படி வரும்?

* போனில் பணம் கேட்காது. போக்சோ வழக்கை சமரசம் பேசி முடிக்கும் அதிகாரம் எந்த அதிகாரிக்கும் இல்லை. இந்தக் குற்றத்துக்கு அபராதம் விதிப்பது நீதிமன்றம் மட்டுமே. அதுவும் தீர்ப்புக்குப் பிறகுதான்.

* ஆஜராகச் சொல்லும் 35-வது பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

* கைது என்றால் நேரில்தான். அதிகாரியின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தினரோ, அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்து போட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வீடியோ காலில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை.

* சாட்சியாக விசாரிப்பதற்கு, பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும்.

போன் வந்தா என்ன செய்யணும்?

முதலில் கட் செய்யுங்கள். அவர்கள் கொடுத்த நம்பருக்குத் திருப்பி அழைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் பக்கத்து ஸ்டேஷனுக்கே போய்க் கேளுங்கள். மயிலாப்பூர் என்றால் இ-1, தி.நகர் மாம்பலம் என்றால் ஆர்-1, அடையாறு என்றால் ஜே-2. "என்னை இந்த ஸ்டேஷன்ல இருந்து கூப்பிட்டாங்களா?" என்று கேட்டால் போதும்.

பணம் போய்விட்டதா? உடனே 1930-க்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணம் கைமாறும் முன் முடக்க வாய்ப்பு அதிகம். பணம் போகவில்லை, மிரட்டல் மட்டும்தான் என்றால் சஞ்சார் சாத்தி தளத்தின் 'சக்ஷு' பகுதியில் அந்த நம்பரைப் புகார் செய்யலாம். ஸ்கிரீன்ஷாட், கால் விவரம் எதையும் அழிக்காதீர்கள்.

நிஜமாவே என் மேல வழக்கு இருந்தா?

பலர் கேட்கத் தயங்கும் கேள்வி இது. வழக்கு இருந்தாலும், தண்டனை அனுபவித்து வந்தவராக இருந்தாலும், உங்களை மிரட்டிப் பணம் பறிப்பது தனிக் குற்றம். அரசு ஊழியர் போல நடித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 204-வது பிரிவில் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. பணம் பறித்ததற்கான பிரிவுகள் தனியாகச் சேரும். புகார் கொடுக்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. வழக்கைப் பற்றிப் பேச வேண்டியது வக்கீலிடம்; இலவச சட்ட உதவிக்கு 15100.

ஒருமுறை பணம் கொடுத்தவரை இந்தக் கும்பல் விடாது. 'சிபிஐ', 'யூடியூபில் இருந்து வீடியோவை நீக்குபவர்' என்று வேறு வேறு பெயரில் அடுத்தடுத்து போன் வரும். மனசு உடைந்து தவறான முடிவு தோன்றினால், 14416-க்கு எந்த நேரமும் அழைத்துப் பேசலாம், கட்டணம் இல்லை. நம்பிக்கையான ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ரகசியம் உடைந்த அந்த நிமிஷமே மிரட்டலின் பலம் பாதி போய்விடும்.